அரசமைப்பு வழக்கை வகுப்புக்குப் படித்துச் செல்வது எப்படி

தீர்ப்பை முதலில் திறக்காதீர்கள். வழக்குக்கு அடிப்படையான பிரிவைத் திறவுங்கள். சிங்கப்பூர் ஸ்டேட்யூட்ஸ் ஆன்லைன் தளத்தில் அரசமைப்புச் சட்டம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஹவ்காங் தொகுதியின் நாடாளுமன்ற இடம் காலியானபோது எழுந்த இடைத்தேர்தல் வழக்கை எடுத்துக்கொள்வோம். அதற்கு அடிப்படை 49(1)ஆம் பிரிவு: நாடாளுமன்றம் கலைக்கப்படாமல் ஓர் உறுப்பினரின் இடம் காலியானால் (தொகுதியில்லா உறுப்பினர் தவிர) அது தேர்தலால் நிரப்பப்பட வேண்டும். ஆங்கில மூலத்தில் ‘ஷால்’ என்ற சொல்லை வட்டமிடுங்கள்; நிரப்பப்பட‘லாம்’ அல்ல, ‘வேண்டும்’. அடுத்து, பிரிவில் இல்லாததைத் தேடுங்கள். எத்தனை நாளுக்குள்? கெடு எதுவும் இல்லை. வழக்கே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

பிரதமர் இடைத்தேர்தல் நடத்தியே ஆக வேண்டுமா, எப்போது? இப்போது உங்கள் விடையை ஐந்து வரியில் எழுதி வையுங்கள். இதைத் தவிர்த்தால் நீதிபதி சொன்னது ஒன்றே வழி என்று தோன்றிவிடும். பேராசிரியர் எதிர்க்கேள்வி கேட்கும்போது வாய் அடைத்துப்போகும்.

பிறகு தீர்ப்பு. பிரதமருக்குத் தேர்தல் நடத்தும் கட்டாயமில்லை என்றது உயர் நீதிமன்றம். நியாயமான காலத்துக்குள் நடத்தியாக வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், 2013இல். ஆனால் 2012 மே 26ஆம் தேதியே இடைத்தேர்தல் நடந்துவிட்டதால், வழக்கைத் தொடரும் தகுதி மனுதாரருக்கு இல்லை என்றும் அது முடிவுசெய்தது. பலர் சறுக்கும் இடம் இது. தகுதியே இல்லையென்றால், 49ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னது பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் ரேஷியோவா (முடிவுக்கு அடிப்படையான காரணம்), வெறும் ஒபிட்டரா (போகிற போக்கில் சொன்ன கருத்து)? இரு பக்கத்துக்கும் இரண்டிரண்டு வாக்கியம் தயார் செய்யுங்கள். வகுப்பில் கேள்வி இங்கிருந்துதான் வரும்.

தீர்ப்போடு நிறுத்திவிடுவது தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும். 1988 டிசம்பரில் சிங் சுவான் சே வழக்கில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத் தடுப்புக்காவலுக்குப் புறநிலை அளவுகோல் வைத்தது நீதிமன்றம்; அதாவது, அரசின் சொல்லை அப்படியே ஏற்காமல், தடுத்துவைக்கக் காரணம் உண்டா என்று நீதிமன்றமே பார்க்கலாம். 1989 ஜனவரியிலேயே நாடாளுமன்றம் அரசமைப்பையும் அந்தச் சட்டத்தையும் திருத்தியது. திருத்தத்தை முன்வைத்த சட்ட அமைச்சர் எஸ். ஜெயகுமார், அரசமைப்புச் சட்டம் கற்பித்த பேராசிரியர்! நாடாளுமன்ற உரைப்பதிவான ஹன்சார்டில் அந்த விவாதத்தை அவசியம் படியுங்கள். தடுப்புக்காவல் பற்றிய விடையில் 1988 தீர்ப்பை மட்டும் காட்டினால் அது மாற்றப்பட்ட சட்டம். அந்தத் திருத்தத்தில் வந்த அரசமைப்பின் 149(3)ஆம் பிரிவையும் பாதுகாப்புச் சட்டத்தின் 8பி பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள். ஆனாலும், எல்லா அதிகாரத்துக்கும் சட்ட வரம்பு உண்டு என்ற அந்தத் தீர்ப்பின் கருத்தை நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாளுகின்றன. எந்தப் பகுதி போயிற்று, எந்தப் பகுதி நிற்கிறது என்று தீர்ப்பின் ஓரத்தில் இரண்டு நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.