பனியில் புதைந்த காரை வெளியே எடுப்பது

முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அது அடைபட்டிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகும். வாசனையே இல்லாத விஷம் அது. பிறகு சக்கரங்களின் முன்னும் பின்னும் தோண்டுங்கள். வண்டியின் அடிப்பாகம் பனியில் உட்கார்ந்திருந்தால் அங்கேயும்.

ஸ்டியரிங்கை நேராக வைத்து, கியர் வண்டியானால் இரண்டாவது கியரில் மெல்ல நகர்த்துங்கள். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழன்று, உராய்வுச் சூட்டில் பனி உருகி, மறுபடி உறைந்து இன்னும் வழுக்கும். எஞ்சின் விசை போகும் சக்கரங்களின் அடியில் மணல் தூவலாம். கால்மிதி விரிப்பும் உதவும், ஆனால் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அது பறந்து வரும்.

இன்னும் அசையவில்லையா? டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். சக்கரம் வழுக்கினால் அது விசையைக் குறைத்துவிடும். சாலைக்கு வந்ததும் மறக்காமல் போடுங்கள். முன் கியரையும் ரிவர்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம், ஆனால் சில முறையோடு நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறிவிடும்.