ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்டும் முன்: பெங்களூரில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் வீட்டாருக்கு

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) போடுவதாகச் சொல்லும் மருத்துவமனை "பேக்கேஜ்" என்று பேச்செடுத்ததுமே கேளுங்கள்: இது சிகிச்சையா, ஆய்வா? சிகிச்சை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது.

ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடு) பதிவு எண்ணை வாங்கி, அந்த இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். வயது வரம்பைப் பாருங்கள். குழந்தைகளுக்கான ஆய்வில் 25 வயதுக்காரரைச் சேர்க்க முடியாது. அந்த மருத்துவமனையின் பெயர் ஆய்வு மையங்களில் இருக்க வேண்டும். ஆய்வில் சேருபவரிடம் பணம் கேட்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலுக்கே விரோதம். 18 தாண்டியவருக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அவருக்குப் புரிகிற விதத்தில் விளக்கி ஒப்புதல் பெறச் சொல்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

செய்வது என்ன? பெரும்பாலும் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சி, செல்களைப் பிரித்து, முதுகுத்தண்டு நீரில் செலுத்துகிறார்கள். தொடுவதையே தாங்காதவருக்கு மயக்க மருந்தும் வேண்டியிருக்கும். ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? காய்ச்சல், கழுத்து விறைப்பு, நிற்கும்போது கடும் தலைவலி, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

"போட்ட பிறகு நல்ல மாற்றம்" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. அதே மாதங்களில் பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) நடந்திருக்கும். எது உதவியது என்று பிரிக்க முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளிடம், ஸ்டெம் செல்கள் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தைப் போலி மருந்தோடு ஒப்பிட்டது. 2020-ல் வந்த முடிவில், சமூகத் தொடர்புத் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பெரியவர் திடீரென்று தன்னையே அடித்துக்கொண்டால் முதலில் பல், காது, மலச்சிக்கல், தூக்கம், வலிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். பேசத் தெரியாதவருக்குச் சொத்தைப் பல் வலி கோபமாகத்தான் வெளிவரும். இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று மலம் கழித்தாரா, எந்த மாத்திரை. அந்த நோட்டையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல ஓ.பி.க்குப் போங்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்று ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் மறக்காமல் சொல்லுங்கள். பேசுவதற்குப் பதில் அவர் காட்டும் படக்கார்டில் 'தண்ணி', 'வலிக்குது', 'போதும்' என்று நம் வார்த்தைகளே இருக்கட்டும்.