போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல தமிழ்ப் பேரெல்லாம் அகராதி வரிசைல வரணும்னா

பேர் லிஸ்ட்டை ஆர்டர் பை போட்டு எடுத்தா சுமதிக்கும் ஞானத்துக்கும் நடுவுல ஜெயா உக்காந்திருக்காங்களா, அகல் முன்னாடியும் அக்கா பின்னாடியும் வருதா? அப்ப பெரும்பாலும் உங்க டேட்டாபேஸ் சி லொகேல்ல (லொகேல்னா மொழி, நாட்டுக்கேத்த செட்டிங்) ஓடுது, அதாவது யூனிகோட் நம்பரை மட்டும் பாத்து அடுக்குது. அதுல ஜ இருக்குறது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவுல, புள்ளியோட நம்பர் உயிர் மெய் எல்லாத்தையும் விடப் பெருசு, பின்ன எப்படி வரும்.

லிப்சி (ஓஎஸ்ஸோட அடிப்படை சி லைப்ரரி) கொலேஷன், அதாவது வரிசை விதி, வச்சிருந்தா போஸ்ட்கிரெஸ் ரெண்டு சொல்லை ஒப்பிட ஓஎஸ்ஸோட ஸ்ட்ர்கோல் ஃபங்ஷனைத்தான் கேக்கும், அதனால முதல்ல ஓஎஸ்ஸைப் பாருங்க. டெர்மினல்ல லொகேல் கமாண்டை மைனஸ் ஏ-வோட அடிங்க, தமிழ் இந்தியா யுடிஎஃப்-8 இல்லைன்னா டெபியன் லினக்ஸ்ல எட்சி ஃபோல்டர்ல இருக்குற லொகேல் டாட் ஜென் ஃபைல்ல அந்த வரிக்கு முன்னாடி இருக்குற ஹேஷ் (#) குறியை எடுத்துட்டு லொகேல்-ஜென் கமாண்டை ஓட்டுங்க. அடுத்து டேட்டாபேஸைத் தொடாம, பத்து பேரை ஒரு ஃபைல்ல போட்டு லொகேலைச் சொல்ற எல்சி-ஆல் செட்டிங்கைத் தமிழுக்கு மாத்தி சார்ட் கமாண்ட்ல விட்டுப் பாருங்க, இங்க சரியா வரலைன்னா அங்கயும் வராது. லொகேல் பேர்ல ஒரு எழுத்து தப்பினாலும் சார்ட் எர்ரர் காட்டாது, கமுக்கமா சி-க்கு போயிடும், நான் அரை நாள் முழிச்சது இதுலதான்.

சரியா வந்துச்சுன்னா பிஜி இம்போர்ட் சிஸ்டம் கொலேஷன்ஸ் ஃபங்ஷனை ஓட்டிட்டு, ஆர்டர் பைக்கு அப்புறம் கொலேட் போட்டு அந்தப் பேரை டபுள் கோட்ஸ்குள்ள குடுங்க. இண்டெக்ஸும் (வேகமாத் தேட வைக்குற வரிசைப் பட்டியல்) அதே கொலேஷன்ல இருக்கணும், இல்லைன்னா இந்த ஆர்டர் பைக்கு அது உதவாது. டாக்கர்ல ஆல்பைன் இமேஜ்னா இந்த வழிய விட்ருங்க, அதுல இருக்குற மசல் லைப்ரரி ஸ்ட்ர்கோல்னு கூப்பிட்டாலும் பைட்டைத்தான் பாக்கும்.

பெரிய தலைவலி ஓஎஸ் அப்கிரேடுதான். 2018ல வந்த ஜி-லிப்சி (டெபியன்ல இருக்குற லிப்சி) 2.28ல வரிசை விதிகளை மொத்தமா மாத்திட்டாங்க, டெபியன் 9ல இருந்து 10க்கு போனா பழைய இண்டெக்ஸ் பழைய வரிசையிலயே இருக்கும், இருக்குற ரோவையே இல்லைன்னு சொல்லும், யூனிக்னு வச்ச நெடுவரிசைல ஒரே பேர் ரெண்டு தடவை ஏறும். அதனால டெக்ஸ்ட் இண்டெக்ஸை எல்லாம் ரீஇண்டெக்ஸ் பண்ணுங்க, அதுக்கப்புறம்தான் ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன். கொலேஷன் வெர்ஷன் மாறிடுச்சுன்னு போஸ்ட்கிரெஸ் காட்டுற வார்னிங் போனா போதும்னு ரெஃப்ரெஷை மட்டும் போட்டா வார்னிங் போயிடும், இண்டெக்ஸ் உடைஞ்சது உடைஞ்சதுதான்.