பீடி சுற்றும் அக்காமாருக்கு: முட்டு வலியும் சுகரும் சேர்ந்து இருந்தால்

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பிசியோதெரபிக்காக நான் போகிற வீடுகளில் மடியில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் அக்காமார் பலருக்கு சுகர், பிரஷர், முட்டு வலி மூன்றும் இருக்கின்றன. முட்டு வலிக்கிறது என்று நடப்பதைக் குறைப்பார்கள். நடை குறைந்தால் சுகர் ஏறும், உடம்பு கனக்கும், அந்தக் கனம் திரும்ப முட்டில்தான் வந்து இறங்கும். வலிக்கு மெஷினில் கரண்டு வைத்தால் அன்றைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். தொடையில் பலம் ஏறினால்தான் முட்டு தாங்கும்.

முதலில் நாற்காலிப் பயிற்சி. நாற்காலியை நகராதபடி சுவரோடு ஒட்டிப் போடுங்கள். தாழ்வாக இருந்தால் போர்வையை மடித்து மேலே போட்டுக்கொள்ளலாம். பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது; ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். எண்ணினால் மூச்சை அடக்க மாட்டீர்கள். அடக்கினால் பிரஷர் ஏறும். காலையும் மாலையும் 5 தடவையில் தொடங்கி, பழகப் பழக 10 ஆக்குங்கள்.

"நாள்பூரா எந்திச்சு உக்காந்துட்டுதானம்மா இருக்கேன், இதுக்கு ஒரு எக்சசைஸா?" என்று ஒரு ஆச்சி கேட்டார். அவர் எழுந்திருப்பதைப் பார்த்தேன். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்து, மறு கையைத் தொடையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் கையாலேயே தூக்கினார். தொடைக்கு அங்கே வேலையே இல்லை. நிலையை விட்டுவிட்டு எழச் சொன்னபோது மூன்றாவது தடவையிலேயே தொடை நடுங்கியது. பயப்பட வேண்டாம், வேலை செய்யாமல் கிடந்த தசைக்கு வேலை வந்தால் அப்படித்தான் இருக்கும்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். முட்டு சூடாகிச் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சை அடைத்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அப்புறம், உட்காரும் விதம். சுவரில் முதுகைச் சாய்த்து, இடுப்புக்குக் கீழே மடித்த சேலையைப் போட்டு, காலை நீட்டி உட்காருங்கள். முட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். அவ்வப்போது துண்டை முட்டால் தரையோடு அழுத்தி, 5 எண்ணி விடுங்கள். கை பாட்டுக்கு பீடி சுற்றிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைக்காமல் அடுக்களையில் வைத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து போய்க் குடிக்கத் தோன்றும். கட்டு ஒப்படைக்கிற அவசரத்தில் இதெல்லாம் மறந்துபோகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செம்பை மட்டுமாவது மாற்றி வையுங்கள்.

சுகருக்கு, சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் தெருவில் நடங்கள். வேலை செய்கிற தசை, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்துவதற்கு இது காரணம் ஆகாது. நடக்கையில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் சுகர் இறங்கியிருக்கலாம்; உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. சித்திரை வெயிலில் தார்ரோடு சுட்டுக் கொப்புளித்தாலும் அவர்களுக்கு உறைக்காது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பக்கவாதம் வந்து படுத்தவர் இருந்தால், வலுவில்லாத கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், காசு கிடையாது. சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமே பெயரைச் சொல்லி வையுங்கள். அவரைப் பார்க்க முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.