எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு எடைப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

ஸ்லீவ் அறுவை முடிந்து நாலாவது மாதம். 118 கிலோவிலிருந்து 93க்கு வந்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "பாதி ஆளாயிட்டீங்களே" என்றார்கள். எனக்கும் பெருமைதான், வாசலில் இறக்கி வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கப் போகும் வரை. முன்பு ஒரே மூச்சில் தூக்கிக் கவிழ்த்த கேன் அன்றைக்கு இடுப்புக்கு மேல் வரவில்லை. கை வெடவெடத்தது. போன 25 கிலோவில் தசையும் சேர்ந்து போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இன்னொரு வகையான பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். எதுவானாலும் சாப்பாடு சட்டென்று குறைகிறது. உடம்பு கொழுப்பை எரிப்பதோடு தசையிலும் கை வைக்கிறது. முதல் சில மாதங்களில்தான் இந்த இழப்பு அதிகம். எடை மெஷின் இதைக் காட்டாது. அதற்கு எல்லாமே கிலோதான்.

படி 1: அனுமதி

முதல் 4 முதல் 6 வாரம் நடை மட்டும். ஏறக்குறைய 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம் என்பார்கள். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் பேரக்குழந்தை, எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வெளியே தெரிவது நாலைந்து சின்னத் தழும்புதான். உள்ளே இருக்கும் அடுக்கு கூடுவதற்கு நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம்.

பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் லேசான எடைக்கு அனுமதி கிடைக்கும். சிலருக்கு 3 மாதம் ஆகும். "எக்சர்சைஸ் பண்ணலாமா டாக்டர்" என்று பொதுவாகக் கேட்டால் "பண்ணுங்க" என்று பொதுவாகத்தான் பதில் வரும். எத்தனை கிலோ வரை தூக்கலாம், வயிற்றுப் பயிற்சி எப்போது, பிரஷர், சுகர் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மூன்றாவது முக்கியம். எடை குறைந்த பிறகும் பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் எழுந்திருக்கும்போது கண் இருட்டும்.

படி 2: டம்பெல்லுக்கு முன் புரதம்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். புரதம் இல்லாமல் எடை தூக்குவது செங்கல் இல்லாமல் கொத்தனாரை வரச்சொல்வது போல. பொதுவாகச் சொல்லும் அளவு நாளுக்கு 60 முதல் 80 கிராம். உங்கள் டயட்டீஷியன் இன்னும் கூடச் சொல்லலாம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18, 100 கிராம் மீனில் சுமார் 20. இரண்டு இட்லியில் 4 கிராம் தேறினால் அதிகம். சட்டினியோடு இட்லியை முடித்துவிட்டுக் கடைசியில் முட்டையைப் பார்த்தால் வயிற்றில் இடமிருக்காது. அதனால் தட்டில் முட்டை, மீன், பனீர், சுண்டல்தான் முதலில், சோறு கடைசி.

பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்; பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, செட்டுக்கு (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு) ஒருமுறை ஒரு வாய். பைபாஸ் செய்தவர்கள் குளுக்கோஸ், இனிப்பான எனர்ஜி டிரிங்க் பக்கம் போகவே வேண்டாம். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று டம்பிங் (சாப்பிட்டது சட்டென்று சிறுகுடலுக்குள் இறங்குவதால் வரும் தொல்லை) வந்து படுக்க வைத்துவிடும்.

படி 3: ஐந்து அசைவுகள்

வாரம் இரண்டு நாள் போதும், இடையில் இரண்டு நாள் ஓய்வு. ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை. முதல் இரண்டு வாரம் ஒரே செட், பிறகு இரண்டு.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதல் பயிற்சி. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டால், உட்காரும் இடத்தில் கெட்டியான தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது. மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொடைக்கு உண்மையான வேலை அந்த இறக்கத்தில்தான்.

அடுத்து சுவரில் கை ஊன்றி புஷ்-அப். மூன்றாவது, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் பிடித்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இடுப்பை நோக்கி இழுப்பது. ஒரு கிலோவா என்று சிரிக்காதீர்கள், நானும் சிரித்துவிட்டுத்தான் தொடங்கினேன். நாலாவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்துவது. ஐந்தாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி: முக்காதீர்கள். மூச்சை அடக்கி முக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, அது தையல் போட்ட இடத்தைத்தான் தள்ளும். எழும்போதும் தள்ளும்போதும் வாயால் மூச்சை விடுங்கள். முக்காமல் செய்ய முடியவில்லை என்றால் எடை அதிகம் என்று அர்த்தம்.

படி 4: ஏற்றுவது

ஒரு நோட்டில் தேதி, எடை, எத்தனை தடவை என்று எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளில் 12 தடவை சுலபமாக வந்தால் அரைக் கிலோவோ ஒரு கிலோவோ கூட்டலாம். அதே நோட்டில் மாதம் ஒருமுறை 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறீர்கள் என்றும் எழுதி வையுங்கள். எனக்கு முதல் மாதம் 9, மூன்றாம் மாதம் 14. அந்த இடைவெளியில் மூன்று வாரம் எடை மெஷின் அசையவே இல்லை. இந்த நோட்டு இல்லாவிட்டால் விட்டிருப்பேன்.

மறுநாள் வலி

படிக்கட்டு இறங்கும்போது தொடை பிடிக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். உடம்பு வலி என்று மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் வகை மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வர இது பெரிய காரணம். ஸ்லீவ் செய்தவர்களும் கேட்காமல் தொட வேண்டாம். எது போடலாம் என்று முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தழும்பு இருக்கும் இடத்தில் புடைப்பு, நெஞ்சு வலி, மயக்கம், காய்ச்சலோடு வயிற்று வலி, இதில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜிம்மில் சேர்ந்தால் அறுவை நடந்ததை முதல் நாளே டிரெய்னரிடம் சொல்லிவிடுங்கள். நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டேன். வயிற்றைக் குறைக்க வந்தவர் என்று நினைத்து அவர் முதலில் படுக்க வைத்தது க்ரஞ்சஸ் என்ற வயிற்றுப் பயிற்சிக்கு.