மழை விட்ட காலையில் சாரம் ஏறும் முன்

போன ஐப்பசியில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் மராமத்து வேலை. இரவெல்லாம் பெய்த மழை விடிந்ததும் வெறித்தது. புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பையன்கள் டீ குடித்த கையோடு, சுவரை ஒட்டிக் கம்பும் கயிறுமாகக் கட்டியிருந்த சாரத்தில் ஏறிவிட்டார்கள். "எறங்குங்கடா" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி வெளியே வந்து பார்த்தார். "கயிறு கெட்டியாத்தான் இருக்குண்ணே" என்றான் ஒருவன். இருபத்திரண்டு வயதில் நான் சொன்ன அதே வார்த்தை. அதனால்தான், மழைக்காலக் கட்டட வேலையில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பலகை வழுக்கும், தலைக்கவசம் போடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

மழை விட்டதும் சாரம் ஏறுவது

அந்த இருபத்திரண்டு வயதில், பள்ளத்தூரில் ஒரு மாடிச்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தோம். தை மாதம் அந்த வீட்டில் சாந்திக் கல்யாணம் வைத்திருந்தார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும். மூன்று நாள் அடைமழை. கூலியில்லாமல் உட்கார்ந்திருந்தோம். நாலாம் நாள் காலை வெயில் வந்தது. மேஸ்திரி சாரக்கயிற்றை இழுத்துப் பார்த்தார், நானும் இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ஏறினோம்.

பதினொன்றரை மணி இருக்கும். நான் நின்ற பலகைக்குக் கீழே ஒரு முடிச்சு நழுவி, படுக்கைக்கம்பு ஒரு சாண் இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நான் சுவரின் மேல் வரிசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பலகையில் இருந்த செங்கல் சரிந்து கீழே போனது. கலவைச் சட்டியை எடுத்துக் கொடுக்கக் கை உயர்த்தி நின்ற சித்தாள் அக்காவின் தோளில் இரண்டு கல் விழுந்தது. காரை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, எலும்பு கூடி, எல்லாம் ஆன பிறகும் அவரால் தலையில் சுமை தூக்க முடியவில்லை. சித்தாள் வேலையையே விட்டுவிட்டார். ஒப்பந்தக்காரர் ஆஸ்பத்திரிச் செலவோடு கை கழுவிக்கொண்டார்.

கயிறு ஏன் ஏமாற்றியது என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. தேங்காய்நார்க் கயிறும் சணலும் நனைந்தால் உப்பும், முடிச்சு இறுகும். காலையில் இழுத்துப் பார்த்தால் புதுக்கட்டு மாதிரியே இருக்கும். வெயில் ஏறி ஈரம் காயக் காய, அதே கயிறு சுருங்கித் தளரும். அந்த நேரத்தில்தான் நாம் மேலே பாரத்தோடு நிற்கிறோம். ஈரக்கயிற்றை இழுத்துப் பார்த்து "கெட்டி" என்று சொல்லும் ஆளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அது சோதனையே அல்ல. காய்ந்த பிறகு பார்க்க வேண்டும், தளர்ந்த முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். நைந்த கயிறு என்றால் அறுத்துப் போடுங்கள். இரும்புக் குழாய்ச் சாரத்தில் இந்தக் கயிற்றுப் பிரச்சினை இல்லை, ஆனால் கால் இறங்கும் பிரச்சினை அதற்கும் உண்டு.

கால் என்றேன். நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் நாட்டு ஓட்டுக்கூரை பெரிது. அத்தனை தண்ணீரும் தாழ்வாரத்து ஓரமாக ஒரே கோட்டில் கொட்டும். சாரத்தின் குத்துக்கம்பு நிற்பதும் அந்தக் கோட்டில்தான். செம்மண் காய்ந்தால் பாறை, ஊறினால் களி. கம்புக்கு அடியில் கனத்த பலகைத் துண்டு வைக்காவிட்டால் மழையில் இறங்கும், அதிலும் எல்லாக் கம்பும் ஒரே அளவு இறங்காது. கானாடுகாத்தானில் அன்று பையன்களை இறக்கிவிட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தால், மூலைக்கம்பு மூன்று விரல் இறங்கியிருந்தது.

சுவரில் குறுக்குக்கம்பு செருகியிருக்கும் துளையையும் பாருங்கள். முந்தின நாள் கட்டிய சுவர் என்றால் மழைத்தண்ணீர் அந்தத் துளை வழியாக இறங்கி, இறுகாத கலவையை அரித்திருக்கும். கம்பைக் கையால் ஆட்டினால் ஆடக்கூடாது.

இன்னொன்று, மேலே அடுக்கி வைத்துவிட்டுப் போன செங்கல். செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடத் தண்ணீர் குடிக்கும். 3 கிலோ கல் மூன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். பலகையில் 50 கல் இருந்தால், நாம் ஏற்றாமலே 25 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது, அதாவது அரை மூட்டை சிமெண்ட். சாயங்காலம் இறங்கும்போது பலகையைக் காலி செய்துவிட்டு இறங்குங்கள்.

இவ்வளவையும் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். காய வேண்டும் என்றால் அரை நாள்கூடப் போகும். அரை நாள் கூலி போவது சின்ன விஷயம் இல்லை, எனக்குத் தெரியும். அதனால் மழைக்காலத்தில் காலை வேலையைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். மணல் சலிக்கலாம், உள்பூச்சு போடலாம், கீழ்வரிசை கட்டலாம். மேல்வேலை பகல் சாப்பாட்டுக்கு அப்புறம்.

மழைக்கு முந்திக்கொண்டு சுவரை உயர்த்துவது

மேகம் கறுத்தால் கை வேகமாகும். ஒரு நாளில் மூன்று, நான்கு அடிக்கு மேல் சுவர் ஏற்றாதீர்கள். ஈரக் கலவைக்குப் பிடிமானம் கிடையாது. நீளமான காம்பவுண்டுச் சுவரும், முட்டு இல்லாத கைப்பிடிச் சுவரும் ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். மேல் வரிசையைச் சாக்குப் போட்டு மூடி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தார்ப்பாயைச் சாரத்தில் கட்டுவது

காற்றடித்தால் அது பாய்மரம். சாரத்தையே இழுத்துக்கொண்டு போகும்.

"இந்த வரிசை முடியட்டும்"

சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் வரும் கோடைமழை இடியோடுதான் வரும். மின்னல் வெட்டியதிலிருந்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. மொட்டைத் தளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்கம்பிக்குப் பக்கத்தில் நிற்பவன் முதலில் இறங்க வேண்டும். பனைமரத்தடி, புளியமரத்தடி வேண்டாம், வீட்டுக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து ஏறுங்கள்.

நனைந்த அஸ்திவாரக் குழி

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது நம் செம்மண் செங்குத்தாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் தைரியம் வருகிறது. மழைக்குப் பிறகு விளிம்பில் மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு தெரிந்தாலும் இறங்காதீர்கள். தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்காமல் ஐந்தடி தள்ளிப் போடுங்கள். இடுப்பளவு மண் சரிந்தாலே ஆளை வெளியே இழுக்க முடியாது.

சுட்ட சுண்ணாம்பை வெளியில் போடுவது

பழைய வீடுகளைப் பழைய முறையிலேயே பூசச் சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், அது எனக்குச் சந்தோஷம். ஆனால் தண்ணீர் விட்டு நீற்றாத சுண்ணாம்பில் மழைத்தண்ணீர் பட்டால் கொதிக்கும். மூட்டைக்குப் பக்கத்தில் சாக்கும் சருகும் கிடந்தால் புகைந்து தீப்பிடிக்கும். தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணைக் கசக்காமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருங்கள், உடனே கண் டாக்டரிடம் ஓடுங்கள். சுண்ணாம்பை உள்ளறையில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

ஈரத்தில் ஒட்டுப்போட்ட ஒயர்

கலவை மிஷினுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் கருவி) இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை

புதுப்பித்து வையுங்கள். பள்ளத்தூர் அக்காவிடம் அது இல்லை.