தேய்ந்த எம்ஜிபி எஞ்சின்: மாற்றுவதா, பிரித்துச் சீரமைப்பதா?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இருவரிடம் எஞ்சின் நீலப் புகை விடுகிறது என்று சொன்னால், ஒருவர் வேறு எஞ்சின் வாங்கிப் போடச் சொல்வார், மற்றவர் உடனே பிரித்து ரீபோர் செய்யச் சொல்வார், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கச் சொல்வார். மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பதற்கு முன்பு இரண்டில் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதே என் கருத்து. என்னுடைய 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடியின் எஞ்சினை இங்கிலாந்தில் என் வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துச் சீரமைத்தேன். அதே வேலையை முதல்முறையாகத் தொடங்குபவர்களுக்காக இந்த வரிசையை எழுதுகிறேன். ஆயில் வடிப்பது, ரேடியேட்டரைக் கழற்றுவது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே கிரேனில் தூக்குவது ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபி கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின். நம்மூர் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான் என்பதால், அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகியவருக்கு இது அந்நியமாகத் தெரியாது. வார்ப்பிரும்பு பிளாக், பக்கவாட்டில் கேம், தள்ளுகோல் வால்வுகள் எனச் சீரமைப்பதற்கென்றே செய்தது போன்ற எஞ்சின் இது.

முதல் படி: காரிலேயே சோதனை

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து கம்ப்ரஷன் பாருங்கள். கேஜ் காட்டும் அளவைவிட நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலான வித்தியாசமே முக்கியம். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறுமானால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன, ஏறாவிட்டால் குறை வால்வில் இருக்கிறது. ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் கம்ப்ரஷன் கேஜை விட்டுவிட்டு, சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கசிவைக் காட்டும் லீக்-டவுன் டெஸ்டரை வாங்குங்கள். காற்று ஆயில் மூடி வழியே சீறுகிறதா, சைலன்சர் வழியேயா, கார்புரேட்டர் வழியேயா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டையோ விரிசலையோ சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் அழுத்தம் சூடான நிலையில் ஓட்டும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரையிலும், ஐட்லிங்கில் 10 முதல் 25 வரையிலும் இருக்க வேண்டும் என்கிறது மேனுவல். டேஷ்போர்டு கேஜை மட்டும் நம்பாமல் தனிக் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள்.

பலர் செய்யத் தவறும் சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லி, நீங்கள் முன்பக்கம் குனிந்து கிராங்க் புல்லியின் விளிம்பைக் கவனியுங்கள். மிதிக்கும்போதெல்லாம் புல்லி முன்னால் நகர்ந்து, மிதியை விட்டபின் நெம்பினால் பின்னால் போவது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க்கை முன்பின் நகராமல் பிடித்து நிறுத்தும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். கம்ப்ரஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: இது எந்த எஞ்சின்?

எஞ்சின் எண் பிளாக்கின் வலப்பக்கத்தில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் அது பழைய மூன்று பேரிங் கிராங்க். 18ஜிபி முதல் ஐந்து பேரிங். தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் அடிப்பது எளிது என்பதால் அதை மட்டுமே சாட்சியாகக் கொள்ள முடியாது. தவிர, பிரிட்டிஷ் லேலண்டு காலத்தில் தங்க நிறம் பூசிய ‘கோல்டு சீல்’ எஞ்சின்கள் பழைய எஞ்சினுக்கு மாற்றாக ஏராளமாக விற்றன. ஆகவே உங்கள் காரில் இருப்பது ஏற்கெனவே மாற்று எஞ்சினாக இருக்கக்கூடும். கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் ஹெரிட்டேஜ் சான்றிதழில் ஆலையிலிருந்து கார் வெளிவந்தபோது இருந்த எண் இருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் அந்த பிளாக்கைக் கைவிடுவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும் என்பேன். பொருந்தாவிட்டால் பாசம் தேவையில்லை. கணக்கு மட்டும் போதும்.

மூன்றாம் படி: பிரித்து அளப்பது

முடிவு இந்தப் படியில்தான் பிறக்கிறது. ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்பை நகத்தால் மேலும் கீழும் தடவுங்கள். ரிங் எட்டாத இடத்தில் தேயாமல் நிற்கும் வரம்பில் நகம் மாட்டி நின்றால் ரீபோர் தவிர்க்க முடியாதது. நகம் சொல்வதை போர் கேஜ் கொண்டு உறுதிப்படுத்த வேண்டும். வரம்புக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில் என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் கிராங்க் அச்சின் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கு அளவுதான் மேற்பகுதியில் அதிகம் தேய்ந்திருக்கும். டிஜிட்டல் காலிப்பர் இந்த வேலைக்கு ஆகாது. விலை மலிவு என்று அதை வாங்கி, அது காட்டும் இரண்டு தசம இடங்களை நம்பிப் பிஸ்டனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

புது எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 80.26 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் அங்குலத்தில் +0.020, +0.030, +0.040, +0.060 எனக் கிடைக்கின்றன. கடைசி அளவில் எஞ்சின் 1868 சிசி ஆகிவிடும். அதற்கு மேல் தேய்ந்திருந்தால் சிலிண்டருக்குள் லைனர் என்னும் புது உருளையை இறக்க வேண்டும். கிராங்க்கின் ஜர்னல்களையும் (பேரிங்குக்குள் சுழலும் பகுதிகள்) அதேபோல் மைக்ரோமீட்டரால் அளந்து, 0.010 அங்குலம் வீதம் எத்தனை முறை அரைக்கப்பட்டுள்ளது என்பதைப் பழைய பேரிங்கின் முதுகில் உள்ள முத்திரையோடு ஒப்பிடுங்கள். ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்புவது அவசியம், ஏனெனில் நடு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் பகுதியில் விரிசல் விடுவது இந்த ஹெட்டின் பழைய நோய். பிரிட்டனில் வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 1999 இறுதியோடு முடிந்துவிட்டதால், கெட்டியான எக்ஸாஸ்ட் சீட்டுகளையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

நான்காம் படி: முடிவு

பிளாக்கில் விரிசல் இல்லாமல், ஓவர்சைஸுக்கு இன்னும் இடமிருந்து, கிராங்க்கை அரைக்க முடியுமானால் சீரமையுங்கள். பிளாக் உடைந்திருந்தாலோ, கடைசி ஓவர்சைஸும் தேய்ந்து, எண்ணும் பொருந்தாமல் இருந்தாலோ மாற்று எஞ்சின் வாங்குவதே சிக்கனம். அப்போதும், முன்பின் தெரியாதவர் ‘நன்றாக ஓடியது’ என்று விற்கும் பழைய எஞ்சினைவிட, எந்தெந்த அளவுக்கு அரைத்தார்கள் என்று எழுதிக் கொடுக்கும் பட்டறையின் எஞ்சினையே தேர்ந்தெடுப்பேன். எண் மாறினால் பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும்.

எட்டு சிலிண்டர் ரோவர் வி8 எஞ்சினைப் போடும் ஆசை சிலருக்கு வரும். ஆலையே 1973 முதல் 1976 வரை 3528 சிசி வி8 வைத்து ஜிடி கார்களைச் செய்தது உண்மைதான். ஆனால் தேய்மானத்தைச் சரிசெய்யப் புறப்பட்டவர் கூலிங், பிரேக், பின் ஆக்சில் என்று முழு வண்டியிலும் கைவைக்க நேரும்.

ஐந்தாம் படி: த்ரஸ்ட் வாஷர்கள்

ரீபோர், அரைப்பு, பேலன்ஸிங் மூன்றையும் லேத் பட்டறை பார்த்துக்கொள்ளும். பூட்டும்போது நிதானம் தேவைப்படும் இடம் நடு மெயின் பேரிங். அதன் இருபுறமும் அரைவட்ட வாஷர்கள் மேலே இரண்டு, கீழே இரண்டு உள்ளன. கீழ் வாஷர்களில் மட்டும் நாக்கு உண்டு. அது பேரிங் மூடியின் பள்ளத்தில் உட்கார்ந்து, நான்கும் சுழலாமல் காக்கிறது. ஆயில் பள்ளங்கள் உள்ள முகம் கிராங்க்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் எல்லாம் சரியாகவே பொருந்தி, கிராங்க் கையால் சுழலவும் செய்யும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மேல் வாஷர்களைச் சிறிது கிரீஸ் தடவி பிளாக்கில் ஒட்டவைத்து, கிராங்க்கை இறக்கி, மூடியை நேராகக் கீழே அழுத்துங்கள். பிறகு டயல் கேஜின் முனையைக் கிராங்க் மூக்கில் வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்புங்கள். ஐந்து பேரிங் எஞ்சினில் ஆட்டம் 0.1 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். அதிகமிருந்தால் ஓவர்சைஸ் வாஷர் போட்டு மறுபடி அளவெடுங்கள். கிளட்சை மிதித்தபடியே சிக்னலில் நிற்கும் பழக்கம் உள்ளவர்கள், புது வாஷரைப் போட்ட பின்பாவது கியரை நியூட்ரலில் வைக்கப் பழகுவது நல்லது.

ஆறாம் படி: முதல் ஸ்டார்ட்

கேமும் டேப்பெட்டும் புதியவை என்றால் கேம் லோப்களில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள கிளாசிக் கார் ஆயிலை ஊற்றுங்கள். எஞ்சின் பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல் ஏறத்தாழ 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். ஆகவே டைமிங், தண்ணீர், கார்புரேட்டர் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை

மாற்று எஞ்சின் வாங்கிய வாசகர் ஒருவர், அது கியர்பாக்ஸோடு சேரவில்லை என்று எழுதியிருந்தார். 1967 இறுதியில் நான்கு கியருக்கும் சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸ் வந்தபோது பின் தகடும் ஃபிளைவீலும் மாறிவிட்டன. எனவே வாங்கும் எஞ்சின் எந்தக் காலத்தது என்று பார்த்து, பின் தகடு, ஃபிளைவீல், கிராங்க் முனையில் உள்ள ஸ்பிகட் புஷ் ஆகிய மூன்றையும் உங்கள் கியர்பாக்ஸோடு ஒப்பிட்ட பின்பே பணம் கொடுங்கள்.

இன்னொருவர், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி அந்தத் துளை வழியே டிரில் கொண்டு ஆயில் பம்ப்பைச் சுழற்றலாமா என்று கேட்டார். சில அமெரிக்க வி8 எஞ்சின்களில் அது நடக்கும். பி-சீரிஸில் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பம்ப்புக்கும் கேமிலிருந்து தனித்தனி இணைப்பு என்பதால் நடக்காது. பூட்டும்போதே பம்ப்பில் ஆயில் நிரப்பி, ஃபில்டரையும் நிரப்பி மாட்டி, பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாக, இடையிடையே ஆற விட்டுச் சுழற்றுங்கள். கேஜ் முள் எழும்பவே இல்லையென்றால் பிளாக்கின் பின்பக்க ஆயில் குழாய் இணைப்பைக் கழற்றி, அதன் வழியாக ஆயிலைப் பம்ப் நோக்கி ஊற்றி, மறுபடி முயலுங்கள். முள் எழுந்த பிறகே பிளக்குகளை மாட்ட வேண்டும்.